லத்தீனோ குடியேறிக் குடும்பங்களுக்கு மருத்துவம் கிடைக்கத் துணைநிற்பது எப்படி

அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு, இலவச மருத்துவ முகாமிலோ மருந்தகத்திலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ, மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களோடு பழக நேரும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன்.

அமெரிக்கக் கூட்டரசு 2003-இல் நடத்திய வயதுவந்தோர் எழுத்தறிவுக் கணக்கெடுப்பில், ஹிஸ்பானிக் வகையினரில் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தோரில்) 41 விழுக்காட்டினரின் சுகாதார எழுத்தறிவு, அதாவது மருத்துவத் தகவலைப் படித்துப் புரிந்து பயன்படுத்தும் திறன், அடிப்படை நிலைக்கும் கீழே இருப்பதாகக் கண்டறியப்பட்டது. வெள்ளையரிடம் இது 9 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டி, அந்த மக்களுக்கு அறிவு போதவில்லை என்று பேசுபவர்களை நிறையப் பார்க்கிறோம். ஆனால் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது. மருத்துவமனைப் படிவங்களும் மருந்துச் சீட்டுகளும் காப்பீட்டுக் கடிதங்களும் யாருக்காக எழுதப்படுகின்றன என்பதையும் அந்த எண் சேர்த்தே அளக்கிறது. 2020-இல் வெளியான ‘ஹெல்தி பீப்பிள் 2030’ என்னும் கூட்டரசின் நலவாழ்வுத் திட்டம், தனிமனிதரின் சுகாதார எழுத்தறிவோடு நிறுவனங்களின் சுகாதார எழுத்தறிவையும் தனியே வரையறுத்து, மக்கள் தகவலைக் கண்டடைந்து, புரிந்துகொண்டு, பயன்படுத்த வழிசெய்வது நிறுவனங்களின் பொறுப்பு என்று கூறியது. துணைநிற்க வருபவர் இதை மனத்தில் இருத்திக்கொண்டால், குடும்பத்துக்குப் பாடம் நடத்தும் எண்ணம் விலகி, அவர்கள் வழியில் கிடக்கும் தடைகளை ஒவ்வொன்றாக அகற்றும் வேலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

முதல் கேள்வி மொழியைப் பற்றியதாக இருக்கட்டும்

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்றால் ஸ்பானிஷ் பேசுவார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குவாத்தமாலாவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பலருக்கு மாம், கிச்சே, கஞ்சொபால் போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு பகுதியில் ஸ்ட்ராபெர்ரி வயல்களில் உழைப்பவர்களில் கணிசமானோர் மிஷ்டெக்கோ பேசுகிறவர்கள். பிரேசிலிலிருந்து வந்தவர்களின் மொழி போர்ச்சுகீசியம். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் முன்னால் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வெளியேறும் மாயா தாய்மார்களின் குறை மருத்துவக் குறிப்பேட்டில் ஒருநாளும் ஏறாது. எனவே, “வீட்டில் உங்கள் அம்மாவோடு எந்த மொழியில் பேசுவீர்கள்?” என்று கேளுங்கள். ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும்.

மொழி தெரிந்தவுடன், அதை முன்பதிவு செய்யும்போதே மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும். கூட்டரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகளும் சமூக நல மையங்களும் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்தும், 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவிலிருந்தும் வரும் கடமை. நேரில் ஆள் இல்லாவிட்டால் தொலைபேசியிலோ காணொளியிலோ கொண்டுவரலாம். மாயா மொழிகளுக்கு ஆள் கிடைக்க நேரமாகும் என்பதால், சில நாட்களுக்கு முன்பே கேட்டுவைப்பதும், முந்தைய நாள் மீண்டும் அழைத்து உறுதிசெய்துகொள்வதும் நல்லது.

பள்ளிக்குப் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையைத் தவிர வேறெப்போதும் அனுமதிக்காதீர்கள். 1557-ஆம் பிரிவின் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. தன் தாயின் மார்பில் கட்டி இருப்பதைப் பத்து வயது மகள் தன் வாயால் தாயிடம் சொல்லும் நிலை, அந்தக் குழந்தைக்கும் கொடுமை. தாயும் மகளுக்காகப் பாதி அறிகுறிகளை மறைத்துவிடுவாள். உங்களுக்கு ஓரளவு ஸ்பானிஷ் தெரியும் என்பதற்காக நீங்களே அந்த இடத்தில் உட்கார்வதும் சரியல்ல. பேருந்து நேரம் கேட்கவும் காத்திருக்கும் அறையில் துணைக்குப் பேசவும் அந்த ஸ்பானிஷ் போதும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கப் போதாது.

இதே வேளையில் கவனிக்க வேண்டிய இரண்டு சிறிய விஷயங்கள் உண்டு. ஸ்பானிஷ் மரபில் ஒருவருக்குத் தந்தைவழி, தாய்வழி என இரண்டு குடும்பப்பெயர்கள் இருக்கும். மரியா லோப்பெஸ் கார்சியா என்பவர் ஒருமுறை லோப்பெஸ் என்றும் மறுமுறை கார்சியா என்றும் பதிவாகி, ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உருவாகி, பரிசோதனை முடிவுகள் ஒன்றிலும் ஒவ்வாமைக் குறிப்பு மற்றொன்றிலும் கிடக்கக்கூடும். அடையாள அட்டையில் உள்ளபடியே இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு முறையும் சொல்லப் பழக்குங்கள். அடுத்ததாக, லத்தீன் அமெரிக்காவில் நம்மைப் போலவே நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுவார்கள். 05/06 என்று அச்சிட்ட முன்பதிவுச் சீட்டு அமெரிக்காவில் மே 6-ஐக் குறிக்கும். அவர்களோ ஜூன் 5 என்று படிப்பார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துக் கொடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

காப்பீடு இல்லாத குடும்பம் முதலில் செல்ல வேண்டிய இடம், கூட்டரசு மானியம் பெறும் சமூக நல மையம். பாஸ்டனிலும் மிசிசிப்பியின் மவுண்ட் பையூவிலும் 1965-இல் தொடங்கிய இயக்கம், இன்று நாடு முழுவதும் ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் பார்க்கிறது. இந்த மையங்கள் பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பியனுப்பக் கூடாது. வருமானம் வறுமைக்கோட்டின் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் பெயரளவுக் கட்டணமும், அதன் இரு மடங்கு வரை இருந்தால் படிப்படியான சலுகையும் தர வேண்டும். எச்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கூட்டரசு முகமையின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டால் அருகிலுள்ள மையங்களின் பட்டியல் கிடைக்கும். 211 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் கூட்டரசின் சுகாதாரத் துறை, இந்த மையங்களின் சேவையையும் குடிவரவு நிலையைப் பொறுத்த பொது உதவிகளின் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்ததில், நீதிமன்றம் அந்த மாநிலங்களில் அதை நிறுத்திவைத்தது. ஆகவே குடும்பத்தை அழைத்துச் செல்லும் முன், பெயர் எதுவும் சொல்லாமல் நீங்களே மையத்தை அழைத்து, “குடிவரவு நிலையைக் கேட்கிறீர்களா? வருமானச் சான்றாக எதை ஏற்பீர்கள்? முதல் வருகைக்கு எவ்வளவு கொண்டுவர வேண்டும்?” என்று மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். கூலியைக் கையில் பணமாக வாங்குகிறவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வேலை தருபவரின் கடிதத்தையோ, அவரே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியையோ பல மையங்கள் ஏற்கின்றன. அடையாளத்துக்கு மெக்சிகோ தூதரகம் வழங்கும் மத்ரீக்குலா அட்டையை ஏற்பார்களா என்பதையும் கேட்டுவைக்கலாம்.

மருத்துவமனை என்றாலே அஞ்சும் குடும்பங்களுக்கு, மெக்சிகோ துணைத்தூதரகங்களுக்குள் இயங்கும் ‘வென்தானீயா தே சலூத்’ என்னும் நலவாழ்வுச் சாளரம் நல்ல தொடக்கம். கடவுச்சீட்டு வாங்கக் காத்திருக்கும் நேரத்திலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எங்கே போகலாம் என்று சொல்லி அனுப்புவார்கள். புரோமோத்தோரா என்று அழைக்கப்படும் சமூக நலப் பணிப்பெண்கள் உங்கள் ஊரில் இருந்தால், உங்களைவிட அவர்களிடம்தான் குடும்பம் மனம்விட்டுப் பேசும். அவர்களைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்துவைப்பதே நீங்கள் செய்யும் பெரிய உதவியாக அமையக்கூடும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசனைக்கு இடமில்லை. 1986-இல் இயற்றப்பட்ட எம்டாலா சட்டப்படி, முதியோருக்கான கூட்டரசுக் காப்பீடான மெடிக்கேரிடமிருந்து பணம் பெறும் எந்த மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவும், வருபவரிடம் பணமோ காப்பீடோ குடியுரிமையோ இருக்கிறதா என்று பார்க்காமல், பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பிரசவ வலியும் இதில் அடங்கும். மார்புவலி, திடீரென ஒரு பக்கம் செயலிழத்தல், மூச்சுத்திணறல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஆகிய அறிகுறிகளைக் குடும்பத்தின் மொழியிலேயே ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டை ஆள் ஆளாகப் பாருங்கள்

ஒரே வீட்டில் ஆவணமில்லாத தந்தை, கிரீன் கார்டு பெற்ற தாய், அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் என்று கலந்திருப்பது வழக்கம். “எங்களுக்குக் கிடைக்காது” என்று குடும்பமே ஒட்டுமொத்தமாக ஒதுங்கிவிடுவதுதான் இதில் நேரும் பெரிய இழப்பு. அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளுக்கு, பெற்றோரின் நிலை எதுவாயினும், வருமானத் தகுதி இருந்தால், வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டோ, 1997-இல் உருவான சிப் என்னும் குழந்தைகள் காப்பீடோ கிடைக்கும். பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பிக்கும்போது, தமக்கென விண்ணப்பிக்காத பெற்றோர் தம் குடிவரவு நிலையையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ எழுத வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பொய் எண் எதையும் ஒருபோதும் எழுதவிடாதீர்கள்.

கிரீன் கார்டு பெற்ற பெரியவர்களுக்கு, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஐந்தாண்டுக் காத்திருப்பை விதிக்கிறது. சட்டப்படி வசிக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் காத்திருப்பை நீக்க 2009 முதல் மாநிலங்களுக்கு உரிமை உண்டு. ஆவணமில்லாதவருக்கும், பிரசவம் போன்ற அவசரச் சிகிச்சைக்கு, மற்ற தகுதிகள் இருப்பின் அவசர மெடிக்கெய்டு பணம் செலுத்தும். டெக்சாஸில் ‘சிப் பெரினேட்டல்’ திட்டம் பிறக்கப்போகும் குழந்தையின் பெயரால் தாயின் கர்ப்பகாலப் பரிசோதனைகளை ஏற்கிறது. கலிபோர்னியா 2024 ஜனவரிக்குள் எல்லா வயதினருக்கும் குடிவரவு நிலை பாராமல், மெடி-கால் என்னும் தன் மெடிக்கெய்டு திட்டத்தைத் திறந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் ஆவணமில்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியிருக்கிறது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம், அகதிகளும் தஞ்சம் பெற்றோரும் உட்படப் பெரியவர்களில் பலரை 2026 அக்டோபர் முதல் மெடிக்கெய்டிலிருந்து விலக்குகிறது. சென்ற ஆண்டு அண்டை வீட்டாருக்குக் கிடைத்தது இந்த ஆண்டு இவர்களுக்குக் கிடைக்கும் என்று கருத முடியாத நிலை இது. ஆதலால் மையத்திலுள்ள காப்பீட்டு உதவியாளரிடம் ஒவ்வொருவரின் வயது, வந்த ஆண்டு, கர்ப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்லிக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் உணவு தரும் விக் திட்டம் குடிவரவு நிலையை அளவுகோலாக வைப்பதில்லை. காப்பீடில்லாத 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி மருந்து, 1994 முதல் நடக்கும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தின் கீழ் இலவசம்.

அச்சத்தைப் பற்றிப் பேசும்போது

“ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. 2025 ஜனவரியில், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் ஆகிய இடங்களில் கைது நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்திய முந்தைய வழிகாட்டுதலை அரசு நீக்கியது. அதே ஆண்டு, சில மாநிலங்களின் மெடிக்கெய்டு பயனாளிகள் பற்றிய தகவல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைமாறியது வெளியாகி, வழக்கும் நடந்தது. இவற்றை அறிந்த குடும்பத்திடம் மழுப்பினால், அவர்கள் உங்களையும் நம்பமாட்டார்கள்.

நேர்மையாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஃபுளோரிடாவில் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், டெக்சாஸில் 2024-இல் ஆளுநர் பிறப்பித்த ஆணையாலும், மருத்துவமனைகள் நோயாளியின் குடிவரவு நிலையைக் கேட்கின்றன. நோயாளி பதில் சொல்ல மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை பாதிக்கப்படாது. “பதில் சொல்ல விரும்பவில்லை” என்ற அந்த ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவையுங்கள். வரவேற்பு மேசைக்கு முன்னால் முதன்முறையாகச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு.

பொதுச்சுமை விதியைப் பற்றியும் கேட்பார்கள். அரசை நம்பி வாழ்வார் என்று கருதப்படுபவருக்குக் கிரீன் கார்டு மறுக்கப்படலாம் என்பது அதன் சாரம். 2020-இல் மெடிக்கெய்டையும் கணக்கில் எடுத்த விதி அமலுக்கு வந்து, 2021-இல் கைவிடப்பட்டது. ஆயினும் அது விதைத்த பயம் இன்றும் பிள்ளைகளின் காப்பீட்டைத் தடுக்கிறது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, அரசுச் செலவில் நீண்டகாலம் நிறுவனக் கவனிப்பில் இருப்பதைத் தவிர மற்ற மெடிக்கெய்டு பயனைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விதியை நீக்க 2025 நவம்பரில் அரசு முன்மொழிந்திருப்பதால், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கவிருப்பவர் குடிவரவு வழக்கறிஞரிடமோ, நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற இலவசச் சட்ட உதவி அமைப்பிலோ கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். நோட்டாரியோ, அதாவது நோட்டரி, என்று பலகை மாட்டிக்கொண்டு ஆலோசனை விற்பவர்களிடம் மட்டும் போகவிடாதீர்கள். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வழக்கறிஞர் அல்லர்.

மருந்து கைக்கு வந்த பிறகு

மருத்துவரைப் பார்த்து முடித்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். பெரும்பாலான தவறுகள் அதன் பிறகு, வீட்டு மேசையின்மேல் நிகழ்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டு இதற்குச் செலவிடுங்கள்.

“புரிந்ததா?” என்ற கேள்வியைக் கைவிடுங்கள், மருத்துவர்மீதுள்ள மரியாதையால் “சி, தொக்தோரா” (ஆம், டாக்டர்) என்றே பதில் வரும். அதற்கு மாறாக, “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க விரும்புகிறேன். வீட்டுக்குப் போனதும் உங்கள் கணவரிடம் இந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வீர்கள்?” என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேளுங்கள். தேர்வு எழுதுவது நோயாளி அல்லர், விளக்கியவர்தான் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிய வேண்டும். தவறாகச் சொன்னால், முன்பு சொன்ன அதே சொற்களை உரக்கச் சொல்லாமல், வேறு விதமாக விளக்கி மீண்டும் கேளுங்கள்.

குழந்தைக்கான காய்ச்சல் மருந்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் விற்கும் குழந்தைகளுக்கான திரவ அசெட்டமினோஃபெனில் வழக்கமாக 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015 முதல் மில்லிலிட்டர் அளவை மட்டுமே பயன்படுத்த வலியுறுத்துகிறது. மருந்தாளுநரிடம் வாய்வழி ஊசிக்குழல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்தக் குழந்தைக்குரிய கோட்டை மருந்தாளுநரைக் கொண்டே நிறப்பேனாவால் குறிக்கச் செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, தாயே அந்தக் கோடு வரை இழுத்துக் காட்டட்டும். காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்றிவிட்டு மீண்டும் இழுக்கட்டும். கருப்பு இரப்பர் முனையின் எந்த விளிம்பைக் கோட்டோடு பொருத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊசிக்குழலின் வாய்ப்பக்கம் இருக்கும் மேல்விளிம்பே கணக்கு. பிறகு அப்பாவும் பாட்டியும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது, ஏனெனில் தாய் இரவு வேலைக்குச் செல்லும் வீட்டில் மருந்து கொடுப்பது வேறொருவராக இருக்கும்.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மெக்சிகோவில் பாராசிட்டமால் என்று விற்கப்படுவதும் இங்கே அசெட்டமினோஃபென் என்று விற்கப்படுவதும் ஒரே மருந்து. இரண்டையும் வெவ்வேறென்று நினைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் அளவு கூடிக் கல்லீரல் பாதிக்கப்படலாம். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் மெட்டமிசோல் என்ற வலிநிவாரணி, வெள்ளணுக்களைச் சட்டெனக் குறைத்துவிடக்கூடியது என்பதால் 1977-இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. வயிற்றுக்கோளாறுக்குச் சில வீடுகளில் கொடுக்கப்படும் கிரேத்தா, அசர்கோன் என்னும் பொடிகளில் ஈயம் மிகுந்திருக்கும். அவற்றைக் கண்டால் குழந்தைக்கு ஈயப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். இந்தப் பொருள்கள் பையிலிருந்து வெளிவரும்போது உங்கள் முகம் சுளிக்கக் கூடாது. ஒருமுறை ஏளனத்தைக் கண்டவர் அடுத்த முறை பையைக் கொண்டுவரமாட்டார். கெமோமில் தேநீர் போன்ற தீங்கற்றவற்றைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டு, தீங்கானதைக் காரணத்தோடு ஒதுக்கச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

மருந்துப் புட்டியின் குறிப்பு ஸ்பானிஷில் வேண்டுமென்று கேட்கலாம். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் அதற்குச் சட்டமே இருக்கிறது. விலை அதிகமென்றால், சமூக நல மையத்தின் சொந்த மருந்தகத்தில் 340பி என்னும் திட்டத்தின் சலுகை விலை உண்டா என்று கேளுங்கள். மாத்திரையைப் பாதியாக்கி நாள்கடத்துகிறார்களா என்பதை, “மாதக் கடைசியில் மருந்து தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பில் வரும்போது

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் பில்லைப் பார்த்ததும் கடன் அட்டையில் கட்டவோ ஊரைவிட்டு முகவரி மாறவோ வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் எழுத்துவடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அதை அப்பகுதியில் கணிசமாக இருப்பவர்களின் மொழியிலும் தர வேண்டும். சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் வழக்குப் போடுவது, கடன் மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார் செய்வது போன்ற கடும் நடவடிக்கைகளை மருத்துவமனை எடுக்கக் கூடாது. எனவே முதல் வேலை, மருத்துவமனையை அழைத்து, நிதியுதவி விண்ணப்பத்தை ஸ்பானிஷில் அனுப்பச் சொல்வது. இரண்டாவது, ஒவ்வொரு செலவும் தனித்தனியே காட்டப்பட்ட விரிவான பில்லைக் கேட்பது. திட்டமிட்ட சிகிச்சையானால், காப்பீடில்லாதவருக்கு முன்கூட்டியே செலவு மதிப்பீடு எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 முதல் சட்டம்.

சிறப்பு மருத்துவர் தேவைப்படும்போதுதான் பாதை மிகக் குறுகுகிறது. சமூக நல மையம் சர்க்கரை நோயைக் கண்டறிந்துவிடும்; கண்ணுக்குள் கசியும் இரத்தத்தை நிறுத்த விழித்திரை நிபுணர் வேண்டும், அவர் அங்கே இருக்கமாட்டார். அப்போது மாவட்டப் பொது மருத்துவமனையின் உதவித்திட்டத்தை நாடுங்கள். ஹூஸ்டனில் ஹாரிஸ் ஹெல்த், டல்லாஸில் பார்க்லேண்ட், நியூயார்க்கில் 2019-இல் தொடங்கிய என்.ஒய்.சி. கேர் ஆகியவை அந்தந்தப் பகுதியில் வசிப்பதற்கான சான்றையும் வருமானத்தையும் பார்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. முகவரிச் சான்று குடும்பத்தில் யார் பெயரிலுமில்லை என்றால், வீட்டுக்காரரின் கடிதத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். பரிந்துரை அனுப்பப்பட்ட பத்து நாட்களுக்குள் அழைப்பு வராவிட்டால் நீங்களே அழைத்து விசாரியுங்கள். தெரியாத எண்களை எடுக்கப் பயப்படும் வீடு அது என்பதால், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்பதை மருத்துவமனையிடம் கேட்டு, அவர்கள் கைப்பேசியில் பெயரோடு சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.